கத்தி வந்த வருஷத்துச் செருப்பு

பெட்டி மேல் ஒட்டிய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால் அட்டையும் சேர்ந்து பிய்ந்து வரும். தேங்காய் எண்ணெய் தடவினால் கறை நிற்கும். ஹேர் டிரையரை அரை நிமிஷம் காட்டினால் போதும், பசை இளகிப் பாலாடை மாதிரி முழுசாகக் கையோடு வந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 2017 மார்கழியில் ஒரு ராத்திரி, மன்னார்குடியில் என் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, பின்னறையில் உட்கார்ந்து நானே கண்டுபிடித்தேன். அன்று விடிவதற்குள் 41 செருப்புப் பெட்டிகளுக்கு வயதைக் குறைத்துவிட்டேன்.

அந்தப் பின்னறைக்கு நான் வந்து சேர்ந்த வழி கொஞ்சம் சுற்றுவழி.

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் நாலு வருஷம் சேல்ஸில் நின்றவள் நான். கல்யாணமாகி மன்னார்குடிக்கு வந்தபின் 2011-ல் பத்துக்குப் பதினெட்டு அடியில் ஒரு கடை போட்டேன். பெண்களுக்கு மட்டும். சுடிதார், டாப்ஸ், லெக்கிங்ஸ், நைட்டி, உள்ளாடை, இடது சுவர் முழுக்கச் செருப்பு. பட்டு எடுக்க ஊரார் கும்பகோணம், தஞ்சாவூர் போய்விடுவார்கள். மற்றதற்கெல்லாம் என்னிடம் வந்துதானே ஆகணும் என்பது என் கணக்கு. ரங்கநாதன் தெருக் கூட்டத்தையே சமாளித்தவளுக்கு இந்த ஊர் எம்மாத்திரம் என்கிற திமிரும் இருந்தது.

என் அம்மா காலத்தில் ட்ரெண்டு என்பது சினிமாக் கொட்டகையிலிருந்து வந்தது. 1985-ல் ‘பூவே பூச்சூடவா’ வந்ததும் நதியா கம்மல், நதியா வளையல் என்று எல்லாவற்றுக்கும் நதியா பேர் வைத்து விற்றார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஒரு முகம் இருந்தது, அதைப் பார்த்து ஆசைப்பட்டார்கள், வாங்கினார்கள். என் காலத்தில் அது செல்போனிலிருந்து வந்தது. மொத்த வியாபாரிகள் வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்புவார்கள்: ‘சம்மர் கலெக்‌ஷன்’, ‘விண்டர் கலெக்‌ஷன்’. வெளிநாட்டில் வரப்போகும் குளிர்காலத்துக்கான உடையை அந்த வருஷம் பிப்ரவரி, மார்ச்சிலேயே மேடையில் காட்டிவிடுவார்கள். அடுத்த கோடைக்கானதைச் செப்டம்பர், அக்டோபரில். ஆம்பூர், வாணியம்பாடியில் ஏற்றுமதிக்குத் தைக்கிறவர்களும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறார்கள். அங்கே அது நியாயம். பனி கொட்டும் ஊருக்கு நவம்பரில் பூட்ஸ் வேண்டும். மன்னார்குடியில் நவம்பரில் வேண்டியது குடை.

இது இப்போது எழுத வருகிறது. அப்போது வரவில்லை.

முதல் அடி கிளாடியேட்டர் செருப்பில் விழுந்தது. கணுக்கால் வரை வார் வாராகச் சுற்றி ஏறும், பக்கத்தில் நாலு பக்கிள் இருக்கும். போட்டோவில் அவ்வளவு அழகு. கடையில் போட்டுப் பார்த்த பெண்கள் எல்லாரும் கண்ணாடி முன்னால் சிரித்தார்கள். வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணும்படி. ஏனென்று எனக்கு விளங்க ஒரு பங்குனித் திருவிழா தேவைப்பட்டது. ராஜகோபால சுவாமிக்குப் பதினெட்டு நாள் உற்சவம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு முன்னால் போன பெண்கள் நடந்துகொண்டே செருப்பை உதறிவிட்டுப் போகிறார்கள், குனியக்கூட இல்லை. நம்மூரில் ஒருத்தி காலையிலிருந்து ராத்திரிக்குள் எத்தனை வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள்? வீட்டு வாசல், கோயில் வாசல், டாக்டர் அறை வாசல், சொந்தக்காரர் வீட்டு வாசல். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து நாலு பக்கிளை அவிழ்க்க யாருக்குப் பொறுமை?

அடுத்தது பெல்லி. முன்பக்கம் மூடிய, தட்டையான, மெத்தென்ற செருப்பு. காலேஜ் பெண்கள் வாங்கினார்கள். கல்யாணமான பெண்கள் போட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்துக் கழற்றினார்கள். “உள்ள என்னமோ குத்துதுங்க” என்றார் ஒருவர். காலைப் பார்த்தேன். மெட்டி. இரண்டாவது விரலில் இரண்டு சுற்று வெள்ளி போட்டிருக்கிற காலை மூடிய செருப்புக்குள் திணித்தால் குத்தாமல் என்ன செய்யும்? என் காலிலும்தான் மெட்டி இருந்தது. நான் போட்டுப் பார்க்காமலே இருபத்துநாலு ஜோடி கொள்முதல் செய்திருந்தேன்.

துணியில் என்னைக் கவிழ்த்தது தோள் திறந்த டாப்ஸ். 2016, 17-ல் எங்கே பார்த்தாலும் அதுதான். கை இருக்கும், கழுத்து இருக்கும், நடுவில் தோள் மட்டும் வட்டமாகத் திறந்திருக்கும். ஒரு அம்மா மகளுக்காக எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த வட்டத்துக்குள் ரெண்டு விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். “ஓட்டையா இருக்கே, வெலைய கொறச்சுக்குவீங்களா?” நான் ட்ரெண்டு என்று விளக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற மகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்து என்ன, காசு அம்மா முந்தானையில். கடைசியில் பக்கத்துத் தையல்காரரிடம் கொடுத்து, ஒன்றுக்கு 40 ரூபாய் கூலி, எல்லா ஓட்டையையும் வேறு நிறத் துணி வைத்து அடைத்தேன். ஒட்டுப்போட்டது தனி டிசைன் மாதிரி ஆகிவிட்டது. அதுதான் விற்றது!

எதிர்க்கடை பாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். கூத்தாநல்லூர்க்காரர். கைலி, காட்டன் சேலை, துண்டு வியாபாரம். முப்பது வருஷமாக அதே கல்லா. ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டார்: “தங்கச்சி, மேட்டூர்ல இன்னிக்கு எத்தனை அடி?”

எனக்கெப்படித் தெரியும் என்றேன்.

“அதப் பாத்துட்டுச் சரக்கு எடு. வேற சீசனு இங்க கிடையாது.”

சிரித்துவிட்டேன். செருப்புக் கடைக்கும் அணைக்கும் என்ன சம்பந்தம்? அவர் சொன்னதன் கணக்கு இதுதான். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் குறுவை. குறுவை வீட்டுக்கு வந்தால் தீபாவளிக்குக் கையில் காசு. சம்பா அறுப்பு தையில், மாசியில். அந்தக் காசில் கல்யாணம், கல்யாணத்துக்குத் துணி, துணிக்கு ஏற்ற செருப்பு. நடுவில் ஆடியில் முகூர்த்தம் இல்லை, கடைக்காரர்களே தள்ளுபடி போட்டுப் பழைய சரக்கைக் கழிக்கும் மாதம். புரட்டாசியில் ஈ ஓட்டலாம். மார்கழியில் கோலம்தான். இதோடு ரம்ஜானைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். 2015-ல் ஜூலை நடுவில் வந்தது 2019-ல் ஜூன் முதல் வாரத்துக்கு வந்துவிட்டது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை வீடுகளுக்குச் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பணம் வரும் நேரம் அது. ஆற்றில் தண்ணீர் இல்லாத வருஷத்தில்கூட அந்த ஒரு வாரம் ஊர்க் கடைகளுக்கு மூச்சு விட நேரமிருக்காது.

இத்தனை வருஷம் கல்லாவில் உட்கார்ந்து நான் பார்த்தவரை, வெயிலுக்கென்று துணி எடுக்கிறவர்கள் குறைவு. நாளுக்குத்தான் எடுக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் வைகாசி முகூர்த்தம் என்றால், உடம்போடு ஒட்டுகிற ஜார்ஜெட்டை எடுத்துக்கொண்டு வியர்த்தபடி போவார்கள். காட்டன் போடுங்கள் என்று நான் சொன்னால், “விசேஷத்துக்கா?” என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்குப் பதில் என்னிடம் கிடையாது.

சரி, அந்த 41 பெட்டிக்கு வருகிறேன். 2014 தீபாவளிக்கு எடுத்தது. தங்க நிற வார், இரண்டரை அங்குலம் உயரம், அடி முழுக்க ஒரே கட்டையாக வரும் வெட்ஜ் ஹீல். சென்னையில் அந்த மொத்த வியாபாரி செட்டை உடைக்க மாட்டார். செட்டுக்கு ஆறு ஜோடி, நாலிலிருந்து எட்டு வரை சைஸ், ஆறு மட்டும் ரெண்டு. பன்னிரண்டு செட் எடுத்தால் விலையில் கொஞ்சம் இறங்கினார். 72 ஜோடி. ஐப்பசி மழையில் தெருவெல்லாம் சேறு, யார் தங்கச் செருப்பில் இறங்குவார்கள்? 31 போனது. மீதியைப் பரண் மேல் ஏற்றினேன். கல்நார் ஓட்டுக்குக் கீழே பரண், வெயிலில் அடுப்பு, மழையில் ஈரம். அந்த ஈரத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. வாரின் வடிவம் நசுங்காமல் இருக்க ஒவ்வொரு செருப்புக்குள்ளும் அன்றைய பேப்பரைக் கசக்கி வைத்தேன். அந்தப் பொறுப்பு மட்டும் இருந்தது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தீபாவளி முடிந்து பத்து நாளில், நவம்பர் 8 ராத்திரி, ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று அரசே அறிவித்தது. 2017-ல் மேட்டூர் திறந்தது அக்டோபர் 2-ம் தேதி. தீபாவளி 18-ம் தேதி. குறுவை இல்லை, எனவே கையில் காசும் இல்லை. மொத்த வியாபாரிக்கு முப்பது நாள் கடன் தொண்ணூறு நாளாகி, அவர் போன் வந்தால் நான் எடுப்பதில்லை என்றாகிவிட்டது.

அந்த வருஷம் ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, கையில் இருக்கும் சரக்குக்கு மாறிய விலையைத் தனி ஸ்டிக்கரில் ஒட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பழைய விலை மறையக்கூடாது என்பது அதன் நிபந்தனை. அதற்காக வாங்கிய ஸ்டிக்கர் ரோல் மேஜை மேல் மிச்சம் இருந்தது. ஹேர் டிரையரும் இருந்தது. தயாரித்த மாதம், வருஷம் என்ற இடத்தில் 11/2017 என்று அடித்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கை நடுங்கவில்லை. ஏதோ வீட்டு வேலை முடித்த நிம்மதிகூட இருந்தது.

தை பிறந்தது. வடுவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். பழைய வாடிக்கை, மகளுக்கு யூனிபார்ம் ஷால் எடுத்த நாளிலிருந்து என்னிடம்தான். மகளுக்கு மாசியில் கல்யாணம். மகளுக்கு வேண்டியதெல்லாம் எடுத்து முடித்ததும், நான் பரணிலிருந்து இறக்கிய ஏழாம் நம்பர் பெட்டியை அவர் முன் திறந்தேன்.

“எனக்கு எதுக்கும்மா ஒசந்த செருப்பு? வயக்காட்டுல நடக்குற காலு இது.”

“மாப்பிள்ளை வீடு சென்னையாமே, அக்கா. ரிசப்ஷன்ல சம்பந்தியம்மா பக்கத்துல போட்டோவுக்கு நிக்க வேணாமா? இப்ப எல்லாரும் இதான் போடுறாங்க. புது வரவு. போன வாரந்தான் வந்துச்சு.”

அவர் காலை நுழைத்தார். வெடிப்பு விழுந்த குதிகாலுக்கு மேல் தங்க வார். கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டார். “ஒரு நாளைக்குத்தான” என்றார். 650 ரூபாய்.

எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார். போனேன். போகாமல் இருந்திருந்தால் இந்தக் கதையை இன்னொருவர் சொல்லித்தான் கேட்டிருப்பேன், பாதி நம்பாமலும் இருந்திருப்பேன். மண்டபத்தில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். பந்திக்கு ஆட்களை அழைத்துக்கொண்டு அக்கா முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தார். கம்பளத்தில் அங்கங்கே பழுப்பாக ஏதோ உதிர்ந்து கிடந்தது. ஒரு குழந்தை அதை எடுத்து வாயில் வைக்கப் போக, பாட்டி தட்டிவிட்டார். கேக் விழுந்திருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அக்காவுக்கே தெரிவதற்கு முன்னால்.

கொஞ்ச நேரத்தில் அவர் செருப்பைக் கழற்றித் தூணோரம் வைத்துவிட்டார். அதோடு முடியவில்லை. அவர் சேலை கட்டியது அந்த உயரத்துக்கு. ரெண்டரை அங்குலம் போனதும் பட்டுச் சேலையின் கரை தரையில் புரள ஆரம்பித்தது. இடது கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களைக் கும்பிட வேண்டிய இடத்தில் வலது கையால் பாதிக் கும்பிடு போட்டுக்கொண்டு, வெறுங்காலில் மேடை ஏறினார். போட்டோவில் சம்பந்தியம்மா பக்கத்தில் நின்றார். நான் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டேன். மொய் 501 எழுதினேன். பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்தேன்.

பத்து நாள் கழித்துக் கடைக்கு வந்தார். கையில் அதே பெட்டி. சண்டைக்கு நான் தயாராக இருந்தேன். கம்பெனி மேல் போட்டுவிடலாம், அவர் வாங்கிய ஜோடி மட்டும் கெட்டது என்று சொல்லலாம் என்றெல்லாம் ராத்திரியே ஒத்திகை பார்த்தாயிற்று. அவர் பெட்டியைத் திறந்து செருப்பை எடுக்கவில்லை. உள்ளே கசக்கிக் கிடந்த பேப்பரை எடுத்தார். மேஜை மேல் வைத்து, நிதானமாக, உள்ளங்கையால் தேய்த்துப் பிரித்தார். ‘கத்தி’ பட விளம்பரம். தீபாவளி ரிலீஸ்.

“இந்தப் படம் வந்தப்ப எம்பொண்ணு ப்ளஸ் டூ. தண்ணிக்காக விவசாயிங்க படுற பாடுன்னாங்கன்னு, அவ அப்பாவும் கூட வந்தாரு. அவரு கொட்டகைக்கு வந்தது அந்த ஒரு தடவதான்.”

அவ்வளவுதான் சொன்னார். நான் தேதி மாற்றிய ஸ்டிக்கர் மேலே பார்த்தபடி இருந்தது. அதை அவர் படித்தாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. 650 ரூபாயை எண்ணி நீட்டினேன். வாங்கிக்கொண்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை என் வாயில் வந்ததா? வரவில்லை. “வேற ஒண்ணு எடுத்துக்குங்கக்கா” என்றேன், அதுவும் வியாபாரக் குரலில். “வேணாம்மா” என்று போய்விட்டார்.

மீதிச் செருப்புகளைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் தூக்கிக்கொண்டு போனேன், அடி மாற்ற முடியுமா என்று கேட்க. அவர் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அடியை அழுத்தினார். விரல் உள்ளே போனது. ஊறிய ரஸ்க் மாதிரி.

“நுரை சோல்மா இது. பி.யூ. போட்டு நடந்தா நாலு வருசம் ஓடும். போடாம வச்சிருந்தா வச்ச எடத்துலயே செத்துப்போகும்.”

பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன், அவர் சொன்னது சரிதான். பாலியூரித்தேன் என்பது உள்ளே காற்றுக் குமிழிகள் அடைத்த நுரை. காற்றில் இருக்கும் ஈரம் அதற்குள் புகுந்து, அதைக் கட்டிவைத்திருக்கும் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். நடக்கும்போது விழும் அழுத்தத்தில் ஈரம் வெளியேற வழி உண்டு, அதனால் போடுகிற செருப்பு கூடுதல் நாள் தாங்கும். பெட்டிக்குள் பத்திரமாக இருப்பதுதான் பொடியாகும். என் பரண் அதற்கென்றே கட்டியது போல இருந்திருக்கிறது.

பெரியவர் வாரையும் பக்கிளையும் மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டார். பொடியை ஒரு சிமெண்ட் சாக்கில் கட்டி வெளியே வைத்தேன்.

அந்த வருஷமே நவம்பர் 16-ல் கஜா புயல் ஓட்டைத் தூக்கிக்கொண்டு போனது. பரணும் போனது. திரும்பக் கட்டியபோது பரண் வைக்கவில்லை. செட் உடைத்துக் கொடுப்பவரிடம் மட்டும் வாங்குகிறேன், ஜோடிக்குப் பத்து ரூபாய் கூடப் போனாலும். பெட்டி வந்ததும் பேனாவால் தேதி எழுதுகிறேன். மேட்டூர் எத்தனை அடி என்று காலையில் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பாய் இப்போது கடைக்கு வருவதில்லை, அவர் மகன் உட்காருகிறான். 2020-ல் எட்டு வருஷத்துக்குப் பிறகு அணை ஜூன் 12-ல் திறந்தபோது, ஊரடங்கில் கடையில் சரக்கே இல்லை. அதற்கு யாரை நொந்துகொள்வது?

அக்கா ரெண்டு வருஷம் வரவில்லை. பிறகு பேத்திக்குக் கீச்சுச் செருப்பு கேட்டு வந்தார், நடந்தால் கீச்சுகீச்சு என்று சத்தம் வருமே, அது. இப்போது வழக்கமாக வருகிறார். விலை கேட்பார், நிறம் பார்ப்பார், பிறகு செருப்பைத் திருப்பி, என் முன்னாலேயே, கட்டைவிரலால் அடியை ஒரு அழுத்து அழுத்துவார். விரலை எடுத்ததும் பள்ளம் மேலே எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பார். அந்த நேரம் நான் பில் புக்கைத் தேடிக்கொண்டிருப்பேன். அது என் கையிலேயே இருக்கும்.